கோடை விடுமுறையில் பவளப்பாறை பார்க்கப் போகலாமா?

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ராமேஸ்வரம் பக்கம் கிளம்புவோம். அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் மன்னார் வளைகுடாவின் நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தொழில் இல்லாமல் கரையில் நிற்பவர்களுக்கு அப்போது சுற்றுலா வருமானம் பெரிய ஆறுதல். கூட்டமும் வெப்பமும் வருமானத் தேவையும் ஒரே சமயத்தில் வந்து சேர்வதுதான் இங்கே சூழல் சுற்றுலாவுக்கு உள்ள முதல் சிக்கல். அனுமதிச் சீட்டின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் இது தீராது.

மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. கரையோரப் பவளப்பாறைகளை வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பல காலம் வெட்டி எடுத்தது இந்தக் கடலின் பெரிய இழப்பு. மிச்சமிருக்கும் பார்களில், அதாவது கடலடிப் பவளத் திட்டுகளில், பெரும்பாலானவை ஓரிரு ஆள் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. கண்ணாடி அடித்தளப் படகில் இருந்தே அவற்றைப் பார்க்க முடிவது இதனால்தான். எளிதில் உடைவதும் இதனால்தான்.

சூடு அதிகமானால், பவளத்தைக் கட்டும் சிற்றுயிரான பவளப் பூச்சிக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும். உணவின் பெரும்பகுதியைத் தருவது அந்தப் பாசி என்பதால் பவளம் வெளுத்து, பட்டினி கிடக்கும். வெளுத்ததெல்லாம் செத்தது என்று நினைக்க வேண்டாம். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். 2010, 2016 வெளிறல்களில் இங்கே பிழைத்ததும் உண்டு, செத்ததும் உண்டு. அந்த இடைப்பட்ட நாட்களில் மேலே என்ன விழுகிறது என்பது முக்கியம். நல்ல நிலையில் உள்ள பவளம் தன்மேல் படியும் வண்டலைச் சளி போன்ற திரவம் சுரந்து உதறிவிடும். அதற்குச் சக்தி செலவாகும். பட்டினி கிடக்கும் பவளத்தின்மேல் புரொப்பெல்லர் கிளப்பிய வண்டல் படிந்தால் அதை உதற வழியில்லை. அதனால் வெளிறல் தொடங்கிய பாருக்குச் சவாரியை நிறுத்தியே ஆக வேண்டும். நீரின் சூட்டைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் அளந்து குறித்துவந்தால் நிறுத்த வேண்டிய நாள் முன்கூட்டியே தெரியும்.

படகின் அடிக்கும் பவளத்தின் உச்சிக்கும் இடையில் ஒன்றரை மீட்டராவது நீர் இருக்க வேண்டும். வற்று நேரத்து ஆழத்தை வைத்துக் கணக்கிடுங்கள், பெருக்கு நேரத்து ஆழத்தை அல்ல. ஆட்களை ஏற்றியபின் படகு எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாருக்கு மேல் என்ஜினைக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். திடீர் முடுக்கம்தான் அடிமணலைக் கிளப்புகிறது.

நங்கூரம் விழும் இடத்தில் உடைவதைவிட அதன் சங்கிலி இழுபட்டு உடைப்பதே அதிகம். தரையில் தளர்ந்து கிடக்கும் 6 மீட்டர் சங்கிலி, காற்று திரும்பத் திரும்ப முழு வட்டம் அடித்தால் ஏறத்தாழ 113 சதுர மீட்டரைத் துடைத்துவிடும். உருண்டையாக வளரும் குண்டுப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது என்பதோடு சேர்த்து இதைப் பாருங்கள்.

மாற்றுவழி நிலையான போயா, அதாவது நங்கூரம் போடாமல் படகைக் கட்டிவைக்கும் மிதவை. அதன் அடிக்கட்டையை மணல் திட்டில் மட்டும் இறக்க வேண்டும். கான்கிரீட் நீருக்குள் எடை குறையும்: 1,000 கிலோ கட்டை அங்கே 580 கிலோ அளவுக்குத்தான் பிடிக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட கட்டை முதல் பெருங்காற்றிலேயே நகர்ந்து பாரில் ஏறும். கட்டையிலிருந்து எழும் கயிற்றின் நடுவில் சிறு மிதவை ஒன்று கட்டினால் கயிறு தரையில் உரசாது. பலர் இந்தச் சிறு மிதவையை விட்டுவிடுகிறார்கள், பிறகு போயாவே பவளத்தை அறுக்கிறது. கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டிய கயிறு உள்ளுக்குள் அறுந்துவரும், மேல்பகுதி வெயிலில் நைந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும்.

பயணிகள் தரப்பில் சொல்ல வேண்டியவை குறைவு. வனத்துறை அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. நீந்த அனுமதி உள்ள இடத்தில் சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள், களைத்தால் மிதவைச் சட்டையில் மல்லாந்து கிடங்கள், பவளத்தில் கால் ஊன்றாதீர்கள். மீனுக்குப் பிரெட் போடாதீர்கள். பவளத்தை மூடும் பாசியை மேய வேண்டிய மீன் படகுக்குப் பின்னால் திரியும். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. இவற்றை எடுத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நினைவுப்பொருள் கடையில் வாங்கியதாகச் சொல்லியும் தப்ப முடியாது.

சவாரியை நிறுத்தும் நாளில் படகுக்காரர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அதை யோசிக்காத திட்டம் கடற்கரையில் நிற்காது. சீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, மூடும் வாரங்களில் அவர்களையே போயா பழுதுபார்க்கவும், பாரில் சிக்கிய கிழிந்த வலைகளை அகற்றவும், சூட்டை அளக்கவும் கூலிக்கு அமர்த்தலாம். பாரின் ஒவ்வொரு மேடும் அவர்களுக்கு அத்துப்படி. அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கும் இந்தப் பணியில் இடம் வேண்டும்.

முடிந்தால் பயணத்தை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வையுங்கள். தென்மேற்குக் காற்று எழும்பும் முன், நீர் சூடேறும் முன் கடல் பெரும்பாலும் அடங்கித் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. காலை வெயில் ஏறியதும், காற்று கிளம்பும் முன்பே படகேறினால் கடலடி நன்றாகத் தெரியும். பணம் கட்டும் முன், படகைப் பாரில் எங்கே, எதில் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். நங்கூரம் போடுவோம் என்றால் வேறு படகைத் தேடுங்கள்.