பெயர் பொருந்திவிட்டால் அவர் உங்கள் எள்ளுத்தாத்தா ஆகிவிடமாட்டார்

மறுபடியும் அதே பிழையோடு ஒரு குடும்ப மரம். 1790-களில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு ஜானைத் தேடியிருக்கிறார்கள். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டியதும் கிட்டத்தட்ட அதே வருடத்தில் ஒரு ஜான் வந்து நின்றிருக்கிறார். அவரை அப்படியே பிடித்து மரத்தில் ஒட்டி, அங்கிருந்து நான்கு தலைமுறை மேலே ஏறி, குலத்தின் அடையாளமான கட்டம்போட்ட துணிவரை போய்விட்டார்கள். ஒட்டப்பட்ட ஜானோ ஒன்றரை வயதில் புதைக்கப்பட்டவர். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

தேயிலைத் தோட்டம், ரெஜிமெண்ட், கப்பல் வேலை என்று சிலோனுக்கும் மதராசுக்கும் வந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் வழிவந்தவர்களும் இந்தத் தப்பைத் தவறாமல் செய்கிறார்கள். அதனால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். முதல் மகளுக்கு அம்மாவழிப் பாட்டி, இரண்டாமவளுக்கு அப்பாவழிப் பாட்டி, மூன்றாமவளுக்கு அம்மா. சட்டமில்லை, வழக்கம்தான், ஆனால் வலுவான வழக்கம். ‘பேரன்’ என்ற சொல்லையே வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. இப்போது கணக்குப் போடுங்கள். ஜான் ஸ்காட் என்ற கிழவருக்கு ஐந்து மகன்கள். ஐவரும் அதே பாரிஷில், அதாவது ஒரே தேவாலய வட்டாரத்தில், குடியிருக்கிறார்கள். ஐவரும் தலைமகனுக்கு அப்பா பெயரை வைத்தால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஐந்து ஜான் ஸ்காட். இதில் உங்களவர் யார் என்று பெயர் எப்படிச் சொல்லும்? அது ஐந்து பேரையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

‘தேடியதில் ஒரே ஒரு ஜான்தான் வந்தார், அப்படியென்றால் அவர்தானே?’ என்று கேட்பீர்கள். இல்லை. மற்ற நால்வர் ஏட்டில் ஏறாமலே போயிருக்கலாம். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் இருப்பவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள்: தொள்ளாயிரத்துச் சொச்சம் பாரிஷ்கள், சுமார் 3,500 ஏடுகள். மிகப் பழையது பெர்த்ஷயரில் எரோல் பாரிஷுடையது, 1553-ல் தொடங்குகிறது. அதை வைத்து எல்லா ஊரிலும் 1553 முதல் ஏடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் 1800-க்குப் பிறகே தொடங்கும் ஏடுகள் உண்டு. இருக்கும் ஏட்டிலும் ஓட்டைகள். 1783 முதல் 1794 வரை ஒரு பதிவுக்கு மூன்று பென்ஸ் வரி. வரிக்குப் பயந்து பலர் பதியவே இல்லை. 1733 முதலே பிரிந்துபோன சபைகள் தனியாக எழுதிக்கொண்டன. 1843-ல் திருச்சபை பிளந்தபோது 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி ஃப்ரீ சர்ச் என்ற தனிச் சபை கண்டார்கள். அவர்களோடு போன குடும்பங்களின் குழந்தைகளைப் பழைய பாரிஷ் ஏட்டில் தேடிப் பயனில்லை. கத்தோலிக்கர்களுக்கு வேறு ஏடு.

ஆகவே மேலிருந்து குதிக்காதீர்கள், கீழிருந்து ஏறுங்கள். 1855-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் இறந்த யாரிடமிருந்தாவது தொடங்குங்கள். இறப்புப் பதிவில் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கேட்டிருப்பார்கள். இங்கிலாந்துப் பதிவில் கிடைக்காத வரம் இது. உங்களவர் சிலோனில் இறந்திருந்தால் ஊரில் தங்கிவிட்ட அண்ணன், தங்கை யாருடைய பதிவானாலும் சரி, பெற்றோர் ஒருவர்தானே. 1855-ல் இறந்த உறவினர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த ஒரே வருடம் பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் எழுதினார்கள்; வேலை அதிகமென்று 1856-லேயே கைவிட்டார்கள். தகவல் சொன்னவர் யார் என்றும் பாருங்கள். மருமகன் சொன்ன பாட்டி பெயரை மகள் சொன்னதைப் போல நம்ப முடியாது.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கு. 1851-ல் பிறந்த பாரிஷ் இருக்கும். 1841-ல், ஸ்காட்லாந்தில் பிறந்தவருக்கு, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும்தான். பதினைந்துக்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். அந்த 35-ஐ வைத்துப் பிறந்த வருடம் கணக்கிட்டுவிட்டு ‘ஆளைக் காணோம்’ என்று புலம்பாதீர்கள்.

பெற்றோர் இருவர் பெயரும் கைக்கு வந்த பிறகே பாரிஷ் ஏடு. ஸ்காட்லாந்து அரசின் பதிவேட்டுத் தளமான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் குழந்தையின் பெயரைக் காலியாக விட்டு, தாய் தந்தை பெயரை மட்டும் கொடுத்து, இருபத்தைந்து வருட இடைவெளியில் தேடுங்கள். உடன்பிறந்தார் வரிசையாக வருவார்கள். பெயரிடும் வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். அதே பெற்றோருக்கு இரண்டாவது ஜான் பிறந்திருந்தால், முதல் ஜான் பெரும்பாலும் இறந்திருப்பார். ‘பெரும்பாலும்’ என்கிறேன், இரண்டு தாத்தாவும் ஜானாக இருந்து, இரண்டு ஜான்களும் உயிரோடிருந்த வீடுகளும் உண்டு.

பிறகு, யாரும் செய்யாத வேலை: பொருந்தாத ஜான்களை ஒவ்வொருவராகக் கழியுங்கள். இவர் வேறு ஊரில் கல்யாணம் செய்தாரா? குழந்தையிலேயே அடக்கமானாரா? அடக்கப் பதிவு பல பாரிஷ்களில் கிடையாது. சவப்பெட்டிமேல் போர்த்தும் துணிக்குச் சபை வாங்கிய வாடகைக் கணக்குதான் இருக்கும். அதில் குழந்தைகள் பெரும்பாலும் விடுபடுவார்கள்.

தேடலில் வரும் பட்டியலோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறங்கள். வழக்கமான பதிவு இப்படிப் போகும்: ‘ஜேம்ஸ் ஸ்காட், கிர்க்டனில் நெசவாளர், அவர் மனைவி ஜேனட் ராபர்ட்சன், இவர்களுக்கு முறைப்படி பிறந்த மகன், பெயர் ஜான், சாட்சிகள் இன்னார், இன்னார்.’ பட்டியலில் வருவது பெயர், பெற்றோர் பெயர், தேதி, பாரிஷ் இவ்வளவுதான். நெசவாளர், கிர்க்டன், சாட்சிகள் மூன்றும்தான் ஐந்து ஜான்களைப் பிரிக்கும் கத்தி. சாட்சிகள் அநேகமாகச் சித்தப்பனோ மாமனோ. இடப்பெயருக்கு முன் ‘இன்’ இருந்தால் குத்தகைக்காரர், ‘ஆஃப்’ இருந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரர். இதைக் கவனிக்காமல் குத்தகைக்காரரைப் பிரபுவாக்கிய மரங்கள் ஏராளம். தேதி ஞானஸ்நானத்துடையதா பிறப்பினுடையதா என்று பாருங்கள். ஐந்து பிள்ளைகளை ஒரே நாளில் ஒன்றாக எழுதிய பக்கங்களும் உண்டு.

எழுத்துக்கூட்டலை நம்பவே வேண்டாம். ஒயிட் என்ற பெயரைக் க்யூவில் தொடங்கி எழுதுவார்கள். பேட்ரிக்கும் பீட்டரும் ஒருவரே. ஜேனட்டும் ஜெஸ்ஸியும், டொனால்டும் டேனியலும் அப்படியே.

கல்யாணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓலை வாசித்த பதிவுதான், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று முன்கூட்டியே கோயிலில் அறிவித்த பதிவு. மாப்பிள்ளை பாரிஷ், பெண் பாரிஷ் இரண்டிலும் வாசித்திருப்பார்கள், தேதிகள் வேறாக இருக்கும். இரண்டையும் பாருங்கள், ஒன்றில் பெண்ணின் தகப்பன் பெயர் இருக்கலாம், மற்றதில் இல்லாமல் போகலாம். முறை தவறிப் பிறந்த குழந்தையானால் மூப்பர்களின் சபைக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தித் தகப்பன் பெயரை வாங்கி எழுதியிருப்பார்கள். கொடுமைதான், நமக்கு ஆதாரம்.

மதராஸ் வழி வருபவர்களுக்கு ஒன்று. இங்குள்ள அடக்கப் பதிவில் பெயர், வயது, வேலை இருக்கும், ஊர்ப் பாரிஷ் அநேகமாக இருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேடட்டாக, அதாவது அதிகாரிப் பயிற்சியாளராக, சேர்ந்தவரானால், 1789 முதல் 1860 வரையான கேடட் மனுக்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வயதை நிரூபிக்க ஊர்ப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஞானஸ்நான நகலை அதோடு இணைப்பார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு இது கிடையாது.

தயவுசெய்து, மரத்தில் ஏற்றும் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் பாரிஷ், ஏட்டு எண், பக்கம் மூன்றையும் எழுதுங்கள். கழித்துவிட்ட ஜான்களையும், ஏன் கழித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதே செத்த குழந்தையை மறுபடியும் தூக்கிக்கொண்டு வராமலிருக்க அந்தக் குறிப்பு வேண்டும்.