ஸ்க்ரோல் சா: பெயர் வந்த வழியும் வாங்கும் வழியும்

ஸ்க்ரோல் சா என்பது மேசைமேல் நிலையாக நிற்கும் ஒரு சிறிய மின் ரம்பம். தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குவது போல இதில் ஒரு மெல்லிய பிளேடு செங்குத்தாக ஏறி இறங்கும். துணியைத் திருப்பித் திருப்பித் தள்ளுவது போலப் பலகையை நாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பிளேடின் அகலம் 1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதனால் பூ, கொடி, மயில் தோகை, எழுத்து என்று எந்த நெளிவிலும் அது திரும்பும். பலகையின் ஓரத்தைத் தொடாமல், நடுவில் மட்டும் ஒரு வடிவத்தை நுணுக்கமாக அறுத்து எடுக்கவும் முடியும்.

கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் பல இடங்களில் ஜிக்சாவை எடுத்து வைப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஜிக்சாவைக் கையில் பிடித்து ஓட்ட வேண்டும்; பலகை அசையாமல் இருக்கும், மெஷின் நகரும். அதன் பிளேடை மேல் முனையில் மட்டும்தான் பிடித்திருக்கிறார்கள், கீழ் முனை அந்தரத்தில் நிற்கும். அப்படி நிற்க வேண்டுமானால் பிளேடு அகலமாகவும் விறைப்பாகவும் இருந்தாக வேண்டும். அகலமான பிளேடு சின்ன வளைவில் திரும்பாது. ஸ்க்ரோல் சாவில் பிளேடின் இரு முனையையும் கவ்வி, தந்தியைப் போல இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நூல் போன்ற பிளேடுகூட ஒடியாமல் வேலை செய்வது அதனால்தான். பேண்ட் சா இன்னொரு வகை. அதன் பிளேடு முடிவில்லாத வளையம் என்பதால் பலகையின் நடு ஓட்டைக்குள் அதை நுழைக்கவே முடியாது.

‘ஸ்க்ரோல்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் சுருட்டி வைத்த ஏடு. பழைய பிரெஞ்சில் எழுதும் தோல்நறுக்கைக் குறித்த ‘எஸ்க்ரோ’ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய், சுருளைக் குறிக்கும் ‘ரோல்’ என்ற சொல்லின் சாயலால் ‘ஸ்க்ரோல்’ ஆயிற்று. பாதி விரிந்த ஏட்டின் ஓரம் சுருண்டு நிற்கும் அல்லவா, அந்த வடிவத்தைத் தூணிலும் கதவிலும் நாற்காலிக் கைப்பிடியிலும் செதுக்கியபோது அந்த அலங்காரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வயலினின் தலையில் சுருண்டிருக்கும் பகுதியும் ஸ்க்ரோல்தான். கர்நாடக இசைக் கலைஞர்கள் சம்மணமிட்டு வாசிக்கும்போது வலது பாதத்தில் ஊன்றி வைப்பது அதைத்தான். கைபேசியில் ‘ஸ்க்ரோல்’ பண்ணுவதும் ஏட்டைச் சுருட்டி விரித்த பழக்கத்திலிருந்து வந்த சொல்லே. ஆக, ஸ்க்ரோல் சா என்றால் அந்தச் சுருள் அலங்காரத்தை அறுக்கும் ரம்பம். ரம்பம் சுருண்டிருக்கிறது என்று பொருள் இல்லை. தமிழ்ப் பெயர் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

மெஷின் வருவதற்கு முன்பு இந்த வேலையை வில் போன்ற சட்டத்தில் மெல்லிய பிளேடைப் பூட்டிய கைரம்பத்தால் செய்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஃபிரெட் சா என்று பெயர். மைசூர் ஈட்டிமரப் பதிப்பு வேலையில் சிறு சிறு மரத்துண்டுகளை யானை, மரம், மனித உருவங்களாக அறுத்தெடுப்பது இந்த வகை ரம்பத்தால்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நாட்டு வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடு வழியே அறுத்து, பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்துப் புவியியல் படிப்பதற்காக விற்றார். அந்த விளையாட்டுக்குத்தான் வெகுகாலம் கழித்து ஜிக்சா பசில் என்று பெயர் வந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்கள் பரவின. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் இருந்த பார்ன்ஸ் நிறுவனம் அவற்றைச் செய்து பெயர் பெற்றது. வீட்டுக் கூரை விளிம்பிலும் தாழ்வாரத் தூண்களிலும் மரத்தில் பின்னல் அலங்காரம் வைக்கும் பாணி அங்கே அவ்வளவு பரவியதற்கு இந்த மெஷின் ஒரு பெரிய காரணம். அந்தக் காலத்தில் ஜிக்சா என்ற பெயரும் நிலையாக நிற்கும் இந்த மெஷினைத்தான் குறித்தது. ‘ஜிக்’ என்றால் துள்ளி ஆடும் ஒரு நடனம், பிளேடு துள்ளித் துள்ளி ஓடுவதால் வந்த பெயர். 1946இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்பவர் தையல் மெஷினில் ஊசிக்குப் பதில் பிளேடை வைத்துப் பார்த்ததிலிருந்து, கையில் பிடிக்கும் மெஷின் பிறந்தது. ஜிக்சா என்ற பெயரை மெல்ல அது எடுத்துக்கொண்டது. இன்று கடையில் நாம் சந்திக்கும் குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

ரம்பம் என்பது தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் உள்ள சொல். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் மரபாக எழுதுவோர் இரம்பம் என்பார்கள். ஆனால் நம்மிடம் இன்னொரு பழைய சொல்லும் உண்டு: வாள். போர்வாள் மட்டும் வாள் என்று நினைக்கத் தேவையில்லை. 334ஆம் குறள் ‘நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது’ என்கிறது. ஒரே வீச்சில் வெட்டுவதை ஈர்தல் என்று சொல்ல மாட்டார்கள். இழுத்து இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதே ஈர்தல். ஒவ்வொரு நாளும் உயிரைக் கொஞ்சம் அறுத்துவிட்டுப் போகிறது என்று சொல்ல, அந்த வினை அங்கே எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது! அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ‘வாளரம் துமித்த வளை’ வருகிறது. சங்கை அறுத்து வளையல் செய்த கருவியின் பெயர் வாளரம். மலையாளத்தில் இன்றும் ரம்பம் ஈர்ச்சவாள், மரம் அறுக்கும் ஆலை ஈர்ச்சமில். ஈழத்தில் தச்சர்கள் வாள் என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் மரம் அறுக்கும் இடத்துக்கு வாள்பட்டறை என்ற பெயர் உயிரோடு இருக்கிறது. எனவே ‘வாள்’ தாராளமாக ஏற்கக்கூடிய சொல்.

முன்னே எதைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘சுருள்வாள்’ என்று வரும். அது ஏற்கெனவே வேறொன்றின் பெயர். சிலம்பாட்டத்தில் இடுப்பில் சுற்றிக்கொண்டு சாட்டை போல வீசுகிறார்களே, அந்த வளையும் வாளுக்குச் சுருள்வாள் என்று பெயர். ‘வளைவு ரம்பம்’ என்றால் ரம்பமே வளைந்தது என்று கேட்பவர் நினைப்பார். தவிர, ஜிக்சாவும் பேண்ட் சாவும் வளைவாக அறுக்கத்தானே செய்கின்றன. ‘சித்திர ரம்பம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சித்திர வேலைப்பாடு என்றால் உளியால் மேடு பள்ளமாகச் செதுக்குவதுதான் நம் மனதில் வரும். இந்த மெஷின் செதுக்காது, ஊடறுக்கும்.

எனக்குப் பிடித்த சொல் சிற்பிகளிடம் இருக்கிறது. கோயில் தூணிலும் கதவு நிலையிலும் சுருண்டு சுருண்டு ஓடும் கொடி அலங்காரத்துக்குக் கொடிக்கருக்கு என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்க்ரோல் வேலை என்பது ஏறக்குறைய அதேதான். கருக்கு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: பனைமட்டையின் ஓரத்தில் கையைக் கிழிக்கும் பற்கள் கருக்கு, பல் வைத்த அரிவாள் கருக்கரிவாள். செய்யும் அலங்காரமும் செய்கிற பல்லும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. எழுத்தில் ‘கொடிக்கருக்கு வாள்’ என்று சொல்லிவிட்டு, அப்புறம் சுருக்கமாகக் ‘கருக்கு வாள்’ என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. கடைக்குப் போனால் ஸ்க்ரோல் சா என்றே கேளுங்கள், அங்கே அதுதான் செல்லும்.

பெயரின் பொருள் புரிந்துவிட்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் பாதி புரிந்துவிடும். கொடியையும் சுழியையும் அறுக்கும் கருவி இது. ஆகவே மோட்டாரின் வலுவை விட, பிளேடை எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு எளிதாகக் கழற்றி மாட்ட விடுகிறது என்பதே முக்கியம்.

வாசலில் மாட்ட ஒரு பெயர்ப் பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தில் சுழிகள் நிறைய. மூன்று சுழி ‘ண’ ஒன்று வந்தாலே போதும், மூடிய ஒவ்வொரு சுழிக்கும் உள்ளே தனியாக அறுக்க வேண்டும். முதலில் டிரில்லில் ஒரு சிறு ஓட்டை போட வேண்டும். பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி, மேல் முனையைக் கழற்றி, ஓட்டை வழியாகப் பிளேடை நுழைத்து, மறுபடி கவ்வியில் மாட்டி, இறுக்கி, பிறகுதான் அறுக்கலாம். அடுத்த சுழிக்கு மீண்டும் முதலிலிருந்து. ஒரு பின்னல் வேலைப்பாட்டில் இது நூறு தடவைகூட நடக்கும். ஒவ்வொரு தடவையும் திருகாணி கழற்றும் ஆலன் சாவியைத் தேட வைக்கும் மெஷினை வாங்கினால் ஒரே வாரத்தில் ஆசை போய்விடும். கையாலேயே திருகும் கவ்வியும், முன்பக்கமே எட்டும் இறுக்கும் நெம்பும் உள்ளதைப் பாருங்கள். பிளேடின் மேல் முனையைப் பிடிக்கும் மெஷினின் கை தூக்கி நிற்கும்படி இருந்தால் இன்னும் வசதி.

பிளேடில் இரண்டு வகை. முனைகளில் குறுக்காகச் சின்னக் கம்பி போன்ற ‘பின்’ வைத்தது ஒன்று, வெறும் முனை கொண்டது இன்னொன்று. பின் வைத்ததை மாட்டுவது சுலபம்தான். ஆனால் அந்தப் பின் நுழைவதற்கே 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை வேண்டும். சின்னச் சுழிக்குள் அவ்வளவு இடம் ஏது? பின் இல்லாத பிளேடு 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஓட்டையில் போய்விடும். விலை மலிந்த சில மெஷின்கள் பின் வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பொதுவாகக் கிடைக்கும் பிளேடின் நீளம் 5 இஞ்ச்.

அடுத்தது அதிர்வு. மேசைத் தட்டில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, மெஷினை ஓடவிட்டு, அது விழுகிறதா என்று பார்ப்பது மரவேலைக்காரர்களிடம் உள்ள பழைய சோதனை. கனமான வார்ப்பிரும்பு அடிப்பாகம் உள்ளது பொதுவாக நன்றாக நிற்கும். எதுவானாலும் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கோடு நடுங்கினால் கை நடுங்குகிறது என்று நினைக்காமல் முதலில் மேசையைச் சோதியுங்கள்.

பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்து 16 இஞ்ச், 20 இஞ்ச் என்று மெஷினைச் சொல்வார்கள். 16 இஞ்ச் மெஷினில் 32 இஞ்ச் பலகையின் நடுவரைக்கும் எட்டலாம். வீட்டு வேலைக்கு அது போதும். இடைவெளிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை விட நல்ல கவ்விக்குக் கொடுப்பது மேல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இந்த வகையில் பேர்பெற்ற டிவால்ட் டிடபிள்யூ 788 மெஷினில் பிளேடு நிமிடத்துக்கு 400இலிருந்து 1750 தடவை வரை ஏறி இறங்கும். தடித்த மரத்தில் வேகமாக ஓட்டலாம். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பலகையை வேகமாக அறுத்தால் உருகி, பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் சாதாரண இன்டக்ஷன் மோட்டாராக இருந்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் ஏறலாம்.

பிளேடுகளுக்கு எண் உண்டு; எண் ஏற ஏறப் பிளேடு தடிக்கும். பழகுபவருக்கு 5ஆம் எண் நல்லது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். பிளைவுட்டில் உள்ள பசையும் அப்படித்தான். குமிழ் மரம் மாதிரி மென்மையான மரத்தில் தொடங்குங்கள். மாட்டி இறுக்கியதும் பிளேடை விரலால் மீட்டிப் பாருங்கள்: ‘டிங்’ என்று தெளிவாக ஒலித்தால் இறுக்கம் சரி, மந்தமாக ஒலித்தால் அறுக்கும்போது வளைந்து ஒடியும். சாதாரண பிளேடுகளைச் செய்யும்போது ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுப்பதால் நேர்கோட்டில் தள்ளினாலும் வெட்டு ஒருபக்கமாக ஓடும். மெஷினில் பழுது என்று எண்ண வேண்டாம். பலகையைச் சற்றே திருப்பிப் பிடித்துத் தள்ளினால் கோட்டிலேயே போகும்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மெஷின் கிளப்புவது மாவு போன்ற நுண்தூள், முகத்துக்கு நேரே எழும். அறுக்கும் கோட்டைத் தூள் மறைக்காமல் ஊதிவிட ஒரு குழாய் மெஷினிலேயே இருக்கும், ஆனால் ஊதிய தூள் நம் மூக்குக்குத்தான் வரும். ஈட்டிமரத் தூள் பலருக்கு ஒவ்வாமை தரும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூளில் பசையும் கலந்திருக்கும். நல்ல முகமூடியும் கண்ணாடியும் மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். கூடவே பின் இல்லாத 5 இஞ்ச் பிளேடு, 5ஆம் எண், ஒரு டஜன் தொடர்ந்து கிடைக்குமா என்று அதே கடையில் கேளுங்கள். கிடைக்காது என்றால் ஆன்லைனில் பிளேடு தேடி வைத்துவிட்டு அப்புறம் மெஷினுக்குப் பணம் கட்டுங்கள்.