எல்லா அட்டன்பரோவும் சொந்தக்காரர்களா?

ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் டேவிட் அட்டன்பரோவின் காட்டுயிர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், "அம்மா, இவர் பேரும் 'காந்தி' படம் எடுத்தவர் பேரும் ஒண்ணா இருக்கே, சொந்தமா?" என்றானாம். சொந்தம்தான். ரிச்சர்டு அட்டன்பரோ அண்ணன், டேவிட் தம்பி. 1982-இல் வந்த 'காந்தி'யை இயக்கியவர் அண்ணன். பையன் அதோடு விடவில்லை. "அப்ப அட்டன்பரோன்னு பேர் வெச்சிருக்கற எல்லாருமே சொந்தமா?" இதற்குப் பதில் தெரியாமல்தான் அம்மா எனக்கு எழுதினார்.

நல்லவேளை, இதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில். அது வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் இந்தச் சகோதரர்களின் அப்பா. பிள்ளைகள் வளர்ந்ததே அந்த வளாகத்தில்தான்.

முதலில் பெயர். இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்றே ஓர் ஊர் இருக்கிறது. கடைசியில் வரும் 'பரோ' பழைய ஆங்கிலத்தில் அரண் சூழ்ந்த இடம். முன்னால் இருப்பது யாரோ ஒருவருடைய பெயர். நம் 'கோட்டை' ஊர்கள் மாதிரிதான். (அந்த ஊரில் சரளை தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிப் பறவைகள் சேர, அது இயற்கைக் காப்பிடமானது. 1966-இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ!)

ஊர்ப்பெயர் ஒருவருக்கு ஒட்ட வேண்டுமென்றால் அவர் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். திருச்சிக்காரரைத் திருச்சியில் யாரும் 'திருச்சிக்காரர்' என்று கூப்பிடுவதில்லை. ஆக, இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில், அதாவது ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன், அந்தச் சின்ன ஊரிலிருந்து கிளம்பிப் போன சிலருக்குத்தான் இந்தப் பெயர் வந்திருக்கும். 'ஸ்மித்' அப்படியில்லை. அது கொல்லரைக் குறிக்கும் பெயர். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் ஏது? நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்த பெயர் அது.

சரி, சொந்தமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் என்பது பள்ளிப் பாடம். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. ஒய் குரோமோசோமில் ஒரே டி.என்.ஏ. எழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. நகலெடுக்கும்போது எப்போதாவது கை வழுக்கி, 14 தடவை வர வேண்டியது 15 ஆகிவிடும். இந்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் ஒரே ஆண்வழியில் வந்தவர்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம். லெஸ்டர் பல்கலைக்கழக மரபியலாளர்கள் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த சுமார் 1,700 ஆண்களிடம் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஸ்மித்துகளுக்குள் இருந்த ஒற்றுமை, தெருவில் போகிற யாரோ சிலருக்குள் இருப்பதைவிட அதிகமில்லை. அட்டன்பரோக்களிலோ பத்தில் ஏழு பேருக்கு மேல் ஒரே மாதிரியான ஒய், அல்லது ஏறக்குறைய அதே ஒய்.

இதைப் படித்ததும் எல்லோரும் சொல்வது, "அப்படியானால் அந்தப் பெயரை ஒரே ஒரு ஆள்தான் தொடங்கியிருக்க வேண்டும்." நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவசியமே இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், இரண்டு நாணயம் போதும்.

ஒரு ஊரில் 100 ஆண்கள், 100 வெவ்வேறு குடும்பப் பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறார்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு மகன். இரண்டும் தலை என்றால் இரண்டு மகன்கள். இரண்டும் பூ என்றால் மகனே இல்லை. பெயர் அங்கேயே முடிந்தது. சராசரி பார்த்தால் ஆளுக்கு ஒரு மகன், ஊரின் ஆண் தொகை ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் காலி. பேரன்கள் வரும்போது 39. கொள்ளுப்பேரன்கள் காலத்தில் 48. பத்துத் தலைமுறையில் 74. இருபது தலைமுறை கழித்துக் கணக்குப் பார்த்தால், நூறில் 85 பெயர்கள் போயே போய்விட்டன.

ஊரில் ஆட்கள் குறைந்தார்களா? இல்லை. சராசரியாக அதே 100 பேர். மிஞ்சிய 15 பெயர்களும் அந்த 100 பேரைப் பங்குபோட்டுக்கொண்டு, பெயருக்கு ஆறேழு பேராக நிற்கின்றன. எந்தக் குடும்பமும் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை, எந்தக் குடும்பமும் தப்புச் செய்யவில்லை. வெறும் பூவா தலையா. எனக்கு இந்தக் கணக்கைப் போட்டு அலுப்பதே இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மழைநாளில் விளையாடிப் பாருங்கள், நாலாவது சுற்றிலேயே ஒருவர் அழ ஆரம்பித்துவிடுவார்.

இப்போது இதை அட்டன்பரோவுக்குப் பொருத்துங்கள். ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பத்துப் பேர் அந்த ஊரிலிருந்து கிளம்பி, பத்துப் பேருக்கும் அதே பெயர் ஒட்டியிருந்தாலும், இருபது தலைமுறையில் மிஞ்சக்கூடியது ஒன்றோ இரண்டோ ஆண்வழிதான். ஸ்மித் ஆயிரம் பேரிடம் தொடங்கியிருந்தால்? நூற்றைம்பது வழிகள் மிஞ்சும். அதனால்தான் அபூர்வப் பெயர் நெருங்கிய கூட்டமாகவும், சாதாரணப் பெயர் கதம்பமாகவும் ஆகிவிடுகிறது. நிஜத்தில் மக்கள்தொகை பெருகியது, நாலைந்து மகன்கள் பெற்றவர்களும் உண்டு, எண்கள் மாறும். கதையின் போக்கு மாறாது.

இந்தக் கணக்கைக் கிளப்பியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர். பேரும் புகழுமாக இருந்த குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று 1873-இல் ஓர் இதழில் கேள்வியாகப் போட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார். அடுத்த ஆண்டு இருவருமாகக் கட்டுரை எழுதினார்கள். வாட்சன் ஓர் இடத்தில் சறுக்கினார். சராசரியாக ஒரு மகனுக்கு மேல் பிறந்தாலும் எல்லாப் பெயரும் கடைசியில் அழிந்தே தீரும் என்றார். அது தவறு, அப்போது தப்பிப் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் பியெனேமே 1845-லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. இன்று அணு உலையின் தொடர்வினைக்கும் தொற்றுநோய்ப் பரவலுக்கும் இதே கணக்குதான். கால்ட்டனுக்கோ பிள்ளைகளே இல்லை.

மேன்மக்கள், கீழ்மக்கள் என்று மனிதரைத் தரம் பிரித்த கால்ட்டனை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கேள்விக்கு வந்த விடை எனக்குப் பிடிக்கும். ஆண் வாரிசு இல்லாத வீட்டைப் பார்த்து 'பெண் பாவம்', 'நாக தோஷம்' என்று நம் ஊரில் பரிகாரப் பட்டியல் நீட்டுகிறார்களே, அவர்கள் கையில் இரண்டு நாணயத்தைக் கொடுக்க ஆசை. அழிந்தது பெயர் மட்டும். மகள்கள் வழியாக ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் அந்த மிச்ச அட்டன்பரோக்கள், ஒய் பொருந்தாதவர்கள்? தத்துப்பிள்ளை, அம்மா பெயரை வைத்துக்கொண்ட பிள்ளை, சொத்துக்காகப் பெயர் மாற்றிய மருமகன், கணவனுக்குத் தெரியாத சமாச்சாரம், எல்லாம் உண்டு. இவை எல்லாமாகச் சேர்ந்தும் ஒரு தலைமுறையில் நூற்றுக்கு ஐந்துக்குள்தான் என்கிறது அதே ஆய்வு.

ஒரு குடும்பப் பெயரை ஆராய எதற்குப் பணம் என்று நம் ஊர் நிதிக்குழு எதுவும் கேட்கும். 2012-இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று உறுதிசெய்த டி.என்.ஏ. ஆய்வை நடத்தியவர் அதே டூரி கிங். தாய்வழி டி.என்.ஏ., மன்னரின் தாய்வழி உறவினர்களோடு பொருந்தியது. வம்சாவளி ஆவணப்படி ஆண்வழி உறவினர்கள் என்று ஐந்து பேரைப் பிடித்தார்கள்; ஐந்து பேரில் ஒருவருடைய ஒய்கூட மன்னருடையதோடு பொருந்தவில்லை. அவர்களுக்குள்ளேயே நாலு பேருக்கு ஒரு மாதிரி, ஐந்தாமவருக்கு வேறு மாதிரி. அரண்மனையிலும் அதே கதைதான்.

சரி, பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்தில் ஏழு அட்டன்பரோக்களுக்கு மேல் சொந்தம்தான் தம்பி. ஆனால் பலருக்கு அது பத்துப் பதினைந்து தலைமுறை தள்ளிய சொந்தம், கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டிய அளவுக்கு இல்லை.