‘விரும்பி டிசி வாங்குகிறோம்’ என்று எழுதித் தராதீர்கள்

பையன் வகுப்பில் சேட்டை, டீச்சரை எதிர்த்துப் பேசுகிறான் என்று பெற்றோரை வரச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார்கள். “குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனின் மாற்றுச் சான்றிதழைத் தந்து உதவுமாறு…” என்று அவர்கள் சொல்லச் சொல்ல அம்மா எழுதிக்கொண்டிருப்பார். கையெழுத்து விழுந்ததும் கதை முடிந்தது. கணக்குப்படி பள்ளி யாரையும் நீக்கவில்லை, நீங்களாகத்தான் அழைத்துப் போனீர்கள்.

கல்வி உரிமைச் சட்டம், 2009: எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது (பிரிவு 16), அடிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது (பிரிவு 17). 2019-இல் மாற்றிவிட்டார்களே என்பார்கள். அது ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடுவது பற்றியது, வெளியேற்ற அதில் இடமில்லை.

மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் பிரிவு 16 துணைக்கு வராது. அப்புறம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேர்க்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அதற்காக அங்கே பிள்ளையை அடிக்கலாம் என்று அர்த்தமில்லை, 1098-க்கு (குழந்தைகள் உதவி எண்) கூப்பிடலாம்.

வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், தனியார் பள்ளி எங்களுடையது இல்லை என்பார்கள். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ “பள்ளியிலேயே பேசி முடிச்சுக்குங்க” என்ற பதில் தயாராக இருக்கும். பேசி முடிக்க முடிந்திருந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏன் அங்கே வந்து நிற்கப்போகிறார்கள்? வாயால் சொல்வதை விடுங்கள். தேதி, என்ன நடந்தது, யார் சொன்னது என்று எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், ரசீது பத்திரம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவும் சுற்றிச் சுற்றி அதே மேசைக்குத்தான் வரும், ஆனால் மனு எண் கிடைக்கும், அதற்காகவாவது கொடுங்கள். பிரிவு 32-இன் கீழ் என்று குறிப்பிட்டு உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

சரி, இந்தப் பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு: டிசி கையில் இல்லை என்று அரசுப் பள்ளி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணப் பாக்கியை டிசியில் குறிக்கவும் கூடாது, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. டிசியைக் கொடுத்துவிட்டு எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) பெயரை விடுவிக்காமல் இழுத்தடிக்கும் பள்ளிகளும் உண்டு. பிள்ளையின் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயர் காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலுக்கு, போய்விட்டதா என்று கேட்டபிறகே கிளம்புங்கள்.