ஆன்-கால் இரவும் ஆம்புலன்ஸ் காலையும்

வயதான ஒருவரின் சமையலறை. அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. மானிட்டரில் நாடித்துடிப்பு 36. ஆம்புலன்ஸில் என்னுடன் வந்த மூத்த பாராமெடிக் அம்மா, நாடியை வேகப்படுத்தும் அட்ரோபின் மருந்தைக் கேட்டார். மருந்துப் பையைத் திறந்து ஆம்பூலை, அதாவது ஊசி மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பியை, எடுத்து நீட்டினேன். "பெயரைச் சத்தமாப் படி" என்றார். படித்தேன். அட்ரினலின் என்று எழுதியிருந்தது. அது வேறு மருந்து.

இரண்டும் சின்ன ஒரு மில்லி ஆம்பூல்கள், பையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. உடனே மாற்றி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் பேசிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஷிஃப்ட் முடிந்து வண்டியைக் கழுவும்போது அந்த அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?"

காலை நாலரைக்கு. ஜெர்மனியின் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் நான் மென்பொருள் உருவாக்குநர். மாதத்தில் சில நாள் ஆம்புலன்ஸில் ரெட்டுங்ஸ்சானிட்டேட்டராக, அதாவது பாராமெடிக்குக்கு ஒரு படி கீழே, வேலை பார்க்கிறேன். அந்த வாரம் அலுவலகத்தில் எனக்கு ஆன்-கால், அதாவது எந்த நேரத்தில் கோளாறு வந்தாலும் எழுந்து சரிசெய்யும் முறை. வெள்ளி இரவு சர்வர் விழுந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, 7 மணிக்குச் சீருடை மாட்டிக்கொண்டு நின்றேன். அன்று காலை எனக்குக் களைப்பே தெரியவில்லை என்பதுதான் இதில் பயங்கரம்.

இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று ஐடி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பார்க்கலாம். இங்கே பலர் பார்க்கிறார்கள். ஆனால் படிப்பு, தேர்வு, மொழி எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பேச நினைப்பது தூக்கத்தைப் பற்றித்தான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே அளந்து காட்டினார்கள். ஜெர்மனியில் கார் ஓட்டுவதற்கான சட்ட வரம்பும் அதே 0.05 சதவீதம்தான். குடித்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற நம்மில் யாரும் துணிய மாட்டோம். தூங்காமல் ஏறுவதை மட்டும் அர்ப்பணிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

இங்குள்ள வேலை நேரச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு முதலாளிகளிடம் வேலை பார்த்தால் இரண்டு இடத்து நேரத்தையும் கூட்டித்தான் கணக்கு. சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் வேலை முடிந்தபின் இடைவிடாத 11 மணி நேர ஓய்வு. ஞாயிறு இரவு ஷிஃப்ட் திங்கள் காலை 7 மணிக்கு முடிகிறது என்றால், மாலை 6 மணிக்கு முன் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. 9 மணி ஸ்டாண்டப்புக்கு, அதாவது டீமின் தினசரிக் கூட்டத்துக்கு, கேமராவை அணைத்துவிட்டு உட்கார்வதும் வேலைதான். சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கணக்கு வைக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

ரெட்டுங்ஸ்சானிட்டேட்டர் படிப்பு மொத்தம் 520 மணி நேரம். வகுப்பு, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் நிலையம், கடைசியில் தேர்வு வாரம். விடுப்பைத் துண்டு துண்டாக எடுத்து ஒன்றரை வருடத்தில் முடித்தேன். பாராமெடிக் ஆக, அதாவது நோட்ஃபால்சானிட்டேட்டர் ஆக, மூன்று வருட முழுநேரப் படிப்பு வேண்டும். அதை வேலையோடு சேர்த்துச் செய்வது எனக்குச் சாத்தியமாகப் படவில்லை. சேரும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். நான் 80 சதவீத வேலைக்கு மாறிக்கொண்டேன். சம்பளம் குறைந்தது, வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம்.

ஒரு வேலை இன்னொன்றுக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. ஆம்புலன்ஸ் குழுக்களுக்கு இங்கே சொல்லித்தரும் ஒரு வழக்கம், "10 நிமிடத்துக்காக 10 விநாடி". நிலைமை குழம்பினால் ஒருவர் நிறுத்தச் சொல்வார், எல்லோரும் பத்து விநாடி கையை எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது, அடுத்து என்ன, யார் செய்வது என்று வாய்விட்டுச் சொல்வோம். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துபவர் மட்டும் அப்போதும் நிறுத்த மாட்டார். இப்போது புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர்களில், ஏதாவது விழுந்தால் எங்கள் டீமும் அப்படித்தான் செய்கிறது. டேட்டாபேஸில் கட்டளை ஓட்டுமுன் எந்த சர்வர் என்று ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார். அந்த ஆம்பூலுக்குப் பிறகு நான் கொண்டுவந்த பழக்கம் இது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை ஈழத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போனோம். எழுபது வயது அம்மம்மா, ஜெர்மன் பேச வராது. பேரன் மொழிபெயர்த்ததில் "வாந்தி வருகிறதாம்" என்பது மட்டும்தான் இருந்தது. நான் தமிழில் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, விடியக்காத்தால இருந்து முதுகுக்கை பிடிச்சு இழுக்குது, மூச்சும் முட்டுது. பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லேல்லை." ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு.

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு இப்படி முதுகுவலியாக, குமட்டலாக, மூச்சுத்திணறலாக மட்டும் வரக்கூடும். இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு எண்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், காதுவலி மாதிரி உயிருக்கு ஆபத்தில்லாதவற்றுக்கு, டாக்டர் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் 116117. நெஞ்சு, மூச்சு, மயக்கம், வாய் கோணுதல் என்றால் யோசிக்காமல் 112. முதலில் முகவரியைச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறிய ஜெர்மன் போதும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். இதயம் நின்றுவிட்டால் மார்பை எப்படி அழுத்துவது என்றும் அவரே படிப்படியாகச் சொல்லித் தருவார்.

அந்த மாதிரி நாட்கள்தான் இன்னும் ஷிஃப்ட் எடுக்கத் தூண்டுகின்றன. அதனால் என் காலண்டரில் இப்போது ஆன்-கால் வாரம் முழுக்கச் சிவப்பு. அந்த வாரத்தில் ஆம்புலன்ஸ் கிடையாது. போன வெள்ளிக்கிழமை நிலையத்திலிருந்து போன் வந்தது. ஒருவருக்குக் காய்ச்சல், காலை வண்டிக்கு ஆள் இல்லை, வர முடியுமா? ஆன்-கால் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "சரி, வேற ஆளைப் பார்க்கிறேன்." வைத்தபின் வெகுநேரம் மனசு கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அலுவலக அலாரம் அடித்தது.