கார்த்திகையில் வரும் நீலநாக்கு

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய கொல்லையில் போன கார்த்திகையில் ஒரு கிடையைப் பார்த்தேன். சென்னைச் சிவப்புச் செம்மறிகள், நூறு உருப்படி இருக்கும். ஒரு மறி மட்டும் தலையைத் தொங்கப்போட்டுத் தனியாக நின்றது. தேனீ கொட்டியதுபோல் உதடு வீங்கி, மூக்குச்சளி காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. முன்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தது.

"கோமாரிதான் தம்பி" என்றார் மேய்க்கிற பெரியவர்.

"அப்படின்னா மாட்டுக்கும் வந்திருக்கணுமே தாத்தா?"

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

அந்த நல்லா இருக்கிற மாட்டுக்கு அப்புறம் வருவோம். கால்நடை மருத்துவர் வந்து ஆட்டின் காலைத் தூக்கிக் காட்டினார். கோமாரி என்றால் குளம்புப் பிளவுக்குள் கொப்புளமோ புண்ணோ இருக்கும். இங்கே பிளவு சுத்தமாக இருந்தது. குளம்பும் தோலும் சேரும் இடத்தில்தான், வளையல் போட்டதுபோல் செங்கறுப்பாக ஒரு கோடு. நீலநாக்கு நோயில் இது அடிக்கடி தென்படும் அடையாளம். பெயரில் உள்ள நீல நாக்கோ எல்லா ஆட்டுக்கும் வருவதில்லை. பெயர் வைத்தவர்கள் கண்ணில் அது முதலில் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இதுதான். வைரஸ் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களைத் தாக்குகிறது. சுவர் பழுதானால் குழாய் கசியும். கசிந்த நீர் உதட்டிலும் முகத்திலும் தேங்கினால் வீக்கம், நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். குளம்பின் மேல்விளிம்பில் ரத்தம் கட்டினால் நொண்டல். ரத்த ஓட்டம் தடைபட்டு ஆக்சிஜன் குறைந்த நாக்குதான் நீலம் பாரிக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் மெரினோ என்னும் ஐரோப்பியக் கம்பளி ஆடுகளை இறக்குமதி செய்தபோது வெளிப்பட்ட நோய் இது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகிற கிருமி என்று 1906-ல் அங்கிருந்த கால்நடை ஆய்வாளர் தைலர் காட்டினார். அதைப் பரப்புவது யார் என்பதை 1944-ல் டு டாய்ட் என்னும் ஆய்வாளர் கண்டுபிடித்தார். இந்தியாவில் முதல் பதிவு 1964, மகாராஷ்டிரம். தமிழ்நாட்டில் 1997-98-ல் பெரிய அளவில் பரவி, நாட்டுச் செம்மறிகளையே கொன்றது.

பரப்புவது கியூலிக்காய்டிஸ் என்னும் பூச்சி. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். இறக்கையில் சாம்பல் புள்ளிகள். சாணி கலந்த சேறு, வயல் வரப்பின் ஈரம், குட்டையோரம் என்று இடம் பார்த்து முட்டையிடும். முட்டை வளர ரத்தம் வேண்டும் என்பதால் பெண் பூச்சிதான் கடிக்கும், அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு.

ஆனால் வைரஸ் உள்ள ரத்தத்தைக் குடித்த உடனே அதனால் நோயைப் பரப்ப முடியாது. வைரஸ் பூச்சியின் குடல் செல்களில் பெருகி, உடலுக்குள் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் இதற்குச் சுமார் 10 நாள் ஆகும். வெயில் ஏறினால் நாள் குறையும். 12 டிகிரிக்குக் கீழே போனால் வைரஸ் பெருகுவதே நின்றுவிடும். பூச்சியின் ஆயுளோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான். அதாவது, வைரஸ் தொண்டைக்கு வந்து சேரும்வரை உயிரோடு இருக்கிற கிழட்டுப் பூச்சிதான் ஆபத்து.

இப்போது நம்மூர்ப் பருவத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும்போது வைரஸ் வேகமாகப் பெருகும், சரி. ஆனால் சேறு காய்ந்துவிடும், பூச்சியும் வறண்டு செத்துவிடும். ஐப்பசி மழையில் பட்டியைச் சுற்றிச் சேறு, காற்றில் ஈரம், இதமான சூடு. பூச்சி பெருகுகிறது, கூடுதல் நாளும் வாழ்கிறது. பிறந்து வளர இரண்டு மூன்று வாரம், வைரஸ் முற்ற இன்னும் பத்து நாள். கூட்டிப் பார்த்தால் மழை பிடித்த மாதம் விட்டு ஆடு நொண்ட ஆரம்பிப்பது ஏன் என்று புரியும். பெரியவர் கணக்கில் அது "ஈரக்கால் நோவு". காரணம் வேறு என்றாலும் காலத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

சரி, மாட்டுக்கு வருவோம். மாட்டையும் இதே பூச்சி கடிக்கிறது, வைரஸும் உள்ளே போகிறது. ஆனால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் அதன் ரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பணுவின் மேல்தோல் மடிப்புக்குள் அது ஒளிந்துகொள்வதால் எதிர்ப்புப் புரதங்கள் அதை எட்டுவதில்லை. சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடிக் குழாயில் உறையாமல் எடுப்பதும் இதற்காகத்தான். சிவப்பணுவை ஒதுக்கிவிட்டுச் சீரத்தை மட்டும் அனுப்பினால் வைரஸைக் கைவிட்டதுபோல. தொட்டால் ஒட்டும் நோய் இல்லை என்பதால் நொண்டுகிற ஆட்டைத் தனியே கட்டுவதால் மட்டும் பரவல் நிற்காது. மனிதர்களுக்கு இது வராது.

ஆய்வாளர்கள் மாட்டுக்கொட்டகையில் இரவு முழுக்கப் புறஊதா விளக்குப் பொறி மாட்டுவார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சியை அடியில் உள்ள விசிறி உறிஞ்சித் திரவப் பாத்திரத்தில் தள்ளும். காலையில் மைக்ரோஸ்கோப்பின் கீழே இறக்கைப் புள்ளியை வைத்து இனம் பிரிக்கும் வேலை, கண் பூத்துப்போகும். எனக்குப் பிடித்தது அடுத்த படி. ஒருமுறை முட்டையிட்ட பெண் பூச்சியின் வயிற்றில் பீட்ரூட் சாயம்போல் ஒரு சிவப்புப் படிந்திருக்கும். அப்படியென்றால் ஏற்கெனவே ரத்தம் குடித்து, சில நாள் தாக்குப்பிடித்த பூச்சி அது. வயிற்றில் புது ரத்தம் இல்லாத சிவப்பு வயிறுகளைப் பொறுக்கி வைரஸ் சோதனை செய்வார்கள். கடித்த மாட்டின் ரத்தத்தில் இருந்த வைரஸை, பூச்சிக்குள் வளர்ந்த வைரஸ் என்று எண்ணி ஏமாற மாட்டோம்.

தடுப்பூசியா? கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் 1932 முதல் பக்கத்து ராணிப்பேட்டையிலேயே இருப்பதால் ஆட்டம்மை ஊசியெல்லாம் இந்தப் பக்கத்தாருக்குப் புதிதில்லை. நீலநாக்கில் சிக்கல் என்னவென்றால் வைரஸ் ஒன்றல்ல, 24-க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்குச் சரியாக உதவாது. அதனால் இந்தியத் தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 என ஐந்து வகைகளைச் செயலிழக்கவைத்துச் சேர்த்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு இதன் மரபுப்பொருள் பத்துத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகைகள் ஒரே உடலில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். உலகின் கிழக்கு, மேற்குப் பகுதிகளைச் சேர்ந்த வம்சங்கள் கலந்த வைரஸ்கள் தென்னிந்தியாவில் கிடைத்திருக்கின்றன.

ஊசி போட்டாலும் எதிர்ப்பு உருவாகச் சில வாரம் வேண்டும். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பெரியவரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் ஆவணியிலேயே போட்டுடறேன்" என்றவர், அன்று சாயங்காலமே கிடையை மாட்டுக்கொட்டகைப் பக்கத்துச் சேற்றிலிருந்து மேட்டுக் கொல்லைக்கு மாற்றி, காற்று வரும் பக்கமாக வேப்பந்தழைப் புகை போட்டார். நொண்டிய மறிக்குக் கஞ்சி காய்ச்சிக் கையால் புகட்டிக்கொண்டிருந்தார் அவர் மனைவி.