சொல் போனாலும் அறிவு போவதில்லை: ஒரு செய்தியாளரின் 13 மாதங்கள்

பக்கவாதத்திலிருந்தோ தலைக்காயத்திலிருந்தோ மீண்டவரைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, "இவருக்கு எதுவும் புரியிறதில்லைங்க" என்று என்னிடம் சொல்வதை வாரம் தவறாமல் கேட்கிறேன். அந்த நேரத்தில் நான் பார்ப்பது அவருடைய முகத்தைத்தான். பெரும்பாலும் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். எதுவும் புரியாதவர் எதற்காகக் குனிய வேண்டும்?

இப்படி வரும் குடும்பங்களுக்கு நான் பாப் உட்ரஃப் என்ற அமெரிக்கச் செய்தியாளரைப் பற்றிச் சொல்வதுண்டு. சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்த அவர், 1989இல் பெய்ஜிங்கில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தபோது தியானன்மென் சதுக்கப் போராட்டம் வெடித்தது. சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக உதவப் போனவர் செய்தித் தொழிலிலேயே தங்கிவிட்டார். சிறிய உள்ளூர் நிலையங்களில் பணியாற்றி, 1996இல் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 2003இல் அமெரிக்க மரைன் படைப் பிரிவுடன் ஈராக்குக்குள் சென்று போர்ச் செய்தி அனுப்பினார். அங்கே நெடுங்காலம் மாலைச் செய்தி வாசித்த பீட்டர் ஜென்னிங்ஸின் மறைவுக்குப் பிறகு, 2006 ஜனவரி தொடக்கத்தில், எலிசபெத் வர்காஸுடன் இணைந்து மாலைச் செய்தி வாசிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. சொல்லையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு அதைவிட உயர்ந்த நாற்காலி அந்த நாட்டில் அதிகம் இல்லை.

அந்த நாற்காலியில் அவர் ஒரு மாதம்கூட நிறைவு செய்யவில்லை. ஜனவரி 29 அன்று, பாக்தாத்துக்கு வடக்கே தாஜி அருகில், ஈராக் இராணுவ வாகனத்தின் மேல்திறப்பில் நின்று படப்பிடிப்பில் இருந்தபோது சாலையோரக் குண்டு வெடித்தது. ஒளிப்பதிவாளர் டக் வோக்ட்டும் காயமடைந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் உட்ரஃபின் இடப்பக்க மண்டையோடு நொறுங்கியது. வீங்கும் மூளைக்கு இடம் கொடுப்பதற்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை மருத்துவர்கள் அகற்றினார்கள். 36 நாள்கள் நினைவின்றிக் கிடந்தார்.

இடப்பக்கம் என்பதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப்பாதியில் இருக்கின்றன. 1861இலேயே பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓர் ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளியின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்து, இடப்பக்கத்தின் முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். அப்பகுதிகள் பாதிக்கப்படுவதால் வரும் மொழிக் குறைபாட்டை நாங்கள் அஃபேசியா என்கிறோம். வீட்டில் பொருள் இருக்கிறது, வைத்த இடம்தான் பிடிபடவில்லை என்பது போன்ற நிலை அது. சாவியைக் காட்டினால் அதைக் கையில் வாங்கிப் பூட்டைத் திறந்துவிடுவார். 'சாவி' என்ற சொல் மட்டும் வராது, அல்லது அந்த இடத்தில் 'பூட்டு' வந்து நிற்கும். சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடினமாகலாம். அதுவும் மொழியில் ஏற்பட்ட சேதமே தவிர, புத்தி பேதலித்ததன் அடையாளம் அல்ல. நம் வீடுகளில் இது வேறொரு வேதனையாகவும் மாறுகிறது. மனைவியை 'அம்மா' என்றும் மகளை 'அக்கா' என்றும் அழைத்துவிட்டால், ஆளையே அடையாளம் தெரியவில்லை என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. உறவுச்சொற்கள் மூளையில் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவை. கை தவறிப் பக்கத்துச் சொல்லை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உட்ரஃபும் அன்றாடப் பொருள்களின் பெயருக்குத் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தை அவர் மறைக்கவில்லை என்பதால்தான் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு. காயம்பட்டு 13 மாதங்கள் கழித்து, 2007 பிப்ரவரியில் திரைக்குத் திரும்பியபோது, தம் சிகிச்சைக் காட்சிகளையும், தம்மைப் போலத் தலையில் அடிபட்டுத் திரும்பிய படைவீரர்களின் நிலையையும் செய்தியாக்கினார். மாலைச் செய்தி நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. செய்தியாளர் வேலை கிடைத்தது, 2009இல் ஈராக்குக்கும் மறுபடி சென்றார். எல்லோருக்கும் இந்த அளவு மீட்சி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். காயத்தின் அளவு, வயது, பயிற்சி தொடங்கிய காலம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஓராண்டு கடந்த பிறகும் முன்னேற்றம் தொடர்வதை என் அறையிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேச்சு திடீரென்று குழறினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்சா நகரில் ஜூலி சின் என்ற செய்தி வாசிப்பாளர், நேரலையில் எதிரே ஓடிய வரிகளைப் படிக்க முடியாமல் திணறினார். உடன் பணியாற்றியவர்கள் அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே அவசர உதவியை அழைத்தார்கள். அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கூறினார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

அஃபேசியா உள்ளவரிடம் சத்தம் போட்டுப் பேசாதீர்கள்; அவருக்குக் காது கேட்கிறது. சின்ன வாக்கியமாகக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் இருபது வரை எண்ணிக் காத்திருங்கள். வராவிட்டால் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். முழுச் சொல்லையும் நீங்களே சொல்லி முடிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். ஒன்றிலிருந்து இருபது வரை தடையின்றிச் சொல்வார்; ஐந்து ரூபாய் நாணயத்தைக் காட்டி இது எவ்வளவு என்றால் வாய் அடைத்துக்கொள்ளும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய்ச் சரியான இடத்தில் நிறுத்தப் பழக்கினோம். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், நாணயத்தை மேசையில் வைத்ததும் அவர் மனைவி வழக்கம்போல விடை சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்திவிட்டு, கட்டை விரலிலிருந்து தொடங்கி மெதுவாக எண்ணி, "அஞ்சு" என்றார். பிறகு, மீதிச் சில்லறை கொடுப்பவரைப் போல, அந்த நாணயத்தை என் பக்கம் தள்ளினார்.